மீதிப் பலகைகளையும் உளியே செதுக்கட்டும்: தேர்த் திருப்பணிக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்

திருப்பணிக் குழுத் தலைவர் அவர்களுக்கும், செயல் அலுவலர் அவர்களுக்கும், குழு உறுப்பினர்களுக்கும்,

தேர்க் கொட்டகை முகப்பில் நீங்கள் ஒட்டியிருக்கும் அறிவிப்பைப் படித்தேன். தை மாதம் வெள்ளோட்டம். அதற்குள் முடிக்க வேண்டியிருப்பதால் மேலடுக்கில் மீதமுள்ள சிற்பப் பலகைகள் கணினி இயந்திரத்தில் வெட்டி வாங்கப்படும். எல்லாப் பலகைகளுக்கும் ‘ஒரே சீரான தோற்றம்’ வரும்படி பொன்வண்ண எனாமல் பூசப்படும். வேலை நடக்கும் இடத்துக்குப் பொதுமக்கள் வரக்கூடாது என்பதும் ஒரு முடிவுதான். அதை அறிவிப்பில் எழுதவில்லை, தகரம் அடித்தே சொல்லிவிட்டீர்கள்.

போன மாதம் குழுக் கூட்டத்துக்கு வந்து இதைப் பற்றிப் பேசினேன். “டீச்சருக்குத் திருப்பணி நடைமுறை தெரியாது” என்று ஒருவர் சொல்ல, மற்றவர்கள் சிரித்தீர்கள். நடைமுறை எனக்குத் தெரியாதுதான். உங்களில் பலர் அருகில் நின்று பார்த்திராத வேலையை நான் பார்த்திருக்கிறேன். அதனால்தான் இந்த மடலை ஊர் அறிய எழுதுகிறேன்.

நான் அரசு உயர்நிலைப் பள்ளியில் ஓவிய ஆசிரியை. பள்ளிக்கும் என் வீட்டுக்கும் நடுவில் தேரடி. கொட்டகை போட்ட நாளிலிருந்து தகரம் அடித்த நாள்வரை, மாலையில் அங்கே கொஞ்ச நேரம் நிற்காமல் நான் வீடு திரும்பியது அபூர்வம். ஸ்தபதியின் பெயரை இந்த மடலில் எழுதப்போவதில்லை. எழுதினால், அவர்தான் தூண்டிவிட்டார் என்ற பேச்சு வரும். இந்த மடலைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. உங்கள் முடிவைக் குறித்து அவர் என்னிடம் ஒரு வார்த்தைகூடக் குறை சொன்னதில்லை. “அவங்க சௌகரியம் டீச்சர்” என்றார், அவ்வளவுதான்.

நான் கடைசியாகப் பார்த்தது கண்ணப்பர் பலகை. நாலு அங்குலக் கனமுள்ள இலுப்பை மரம். அதில் முதலில் நடுக்கோடு இழுத்தார். பிறகு முகத்தின் நீளத்தை ஒரு தாளமாக வைத்துக்கொண்டு, ஈர்க்குச்சியில் அளவு குறித்துத் தலை, மார்பு, இடுப்பு, முழங்கால் என்று புள்ளி வைத்தார். அளவுப் புத்தகம் எதையும் அவர் புரட்டி நான் பார்த்ததில்லை. பெருந்தெய்வங்களுக்கு உத்தம தசதாளம் என்னும் பெரிய பத்துத் தாள அளவு, அதாவது 124 அங்குலம். இந்த அங்குலம் நம் ஸ்கேலில் உள்ளதல்ல. அந்த உருவத்தின் உயரத்தையே பங்கிட்டு எடுத்துக்கொள்ளும் அளவு. பிள்ளையாருக்கு ஐந்து தாளம், பூதகணங்களுக்கு நாலு தாளம். இதெல்லாம் அவர் கைக்குள் இருக்கிறது. வேண்டாத மரத்தைப் பட்டை உளியால் கழித்து, உருவத்தை மொத்தையாக நிறுத்தினார். அந்தக் கட்டத்தில் பலகையில் ஆள் என்று சொல்ல யாரும் இல்லை. முழங்கால் வரவேண்டிய இடத்தில் ஒரு மேடு, முகம் வரவேண்டிய இடத்தில் ஒரு முட்டு. என் மாணவர்களில் ஒருவன், “இதுல எது மிஸ் சாமி?” என்று கேட்டான். ஸ்தபதி சிரித்துக்கொண்டே, “இன்னும் வரலைப்பா, வந்துக்கிட்டு இருக்காரு” என்றார்.

கதை உங்களுக்குத் தெரியும். ஒரு கண்ணை அப்பிவிட்டு, மறு கண் இருக்கும் இடம் தெரிவதற்காகக் காலை ஊன்றிக்கொண்டு, அம்பைத் தன் கண்ணருகே கொண்டுபோகிறார். லிங்கத்திலிருந்து ஒரு கை நீண்டு தடுக்கிறது. நம் பழைய தேரிலும் இந்தப் பலகை உண்டு. அதில் அந்தக் கையின் விரல்கள் ஒடிந்து மொட்டையாக இருக்கும். சின்ன வயதிலிருந்து பார்த்தவள் நான். யாரோ விஷமிகள் உடைத்தது என்றே நினைத்திருந்தேன். ஸ்தபதி அந்தப் பழைய பலகையைப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டு சொன்னார்: “யாரும் ஒடைக்கலை டீச்சர். மரத்தோட நாரு மேலேர்ந்து கீழ ஓடுது. விரலை நாருக்குக் குறுக்கே நீட்டி வச்சிருக்காங்க. தேர் நிலைக்கு வர்றப்ப முட்டுக்கட்டை போடுவாங்கல்ல, அந்த அதிர்ச்சிக்கே போயிரும்.”

அவர் செய்தது என்ன தெரியுமா? கையை மணிக்கட்டில் மேல்நோக்கித் திருப்பினார். விரல்கள் நார் ஓடும் திசையிலேயே நிமிர்ந்து நின்றன. இனி ஒடியாது. ஆனால் நடந்தது அது மட்டும் இல்லை. பழைய பலகையில் அந்தக் கை எதையோ வாங்கப் போவதுபோல நீண்டிருந்தது. புதியதில், உள்ளங்கை தெரிய, ‘நில்’ என்று தடுக்கும் கையாகிவிட்டது. மரம் ஒடியாமலிருக்கச் செய்த மாற்றம் கதையையும் கூர்மையாக்கிவிட்டது. நான் வாயடைத்து நின்றேன். அவர் அதை ஒரு விஷயமாகவே எடுத்துக்கொள்ளவில்லை.

அதன் பிறகு விரல்களைப் பலகையிலிருந்து பிரிக்கத் தொடங்கினார். விரலுக்குப் பின்னால் உளி நேராகப் போக வழியில்லை. ஒடுங்கிய நகவுளியைப் பக்கவாட்டில் விட்டு, கொட்டாப்புளி என்ற மரச்சுத்தியலைத் தொடாமல் உள்ளங்கை அழுத்தத்தாலேயே தள்ளினார். சுருளாக வந்த சீவலை ஊதிவிட்டு, பெருவிரல் நகத்தால் உள்ளே தடவிப் பார்த்தார். மறுபடியும் ஒரு தள்ளு. விரலுக்கும் பலகைக்கும் நடுவில் ஓர் இருட்டு விழுந்தது. அந்த இருட்டுதான் கீழே நின்று பார்ப்பவனுக்கு விரலைக் காட்டும். தேரோட்டத்தன்று உச்சி வெயிலில், அசைந்து வரும் தேரில், தலைக்கு மேலே இருக்கும் ஒரு பலகையை நாம் எத்தனை நொடி பார்க்கப் போகிறோம்? அந்தச் சில நொடிக்காகத்தான் மேலடுக்குப் பதுமைகளை இடுப்புக்கு மேல் சற்று முன்னால் சாய்த்துச் செய்கிறார். நேராக நிமிர்த்தி வைத்தால் கீழிருந்து பார்ப்பவனுக்கு முகவாய்தான் தெரியுமாம்.

இன்னொன்றும் பார்த்தேன். அதே பலகையின் ஓரத்தில் கொடிக்கருக்கு, அதாவது கொடி அலங்காரம், ஓடுகிறது. அது வரவேண்டிய இடத்தில் மரத்தில் ஒரு கணு இருந்தது. கணுவில் நார் சுழித்துக்கொண்டு போகும், உளி சொன்னபடி கேட்காது. நானாக இருந்தால் பலகையை மாற்றச் சொல்லியிருப்பேன். அவர் கொடியைக் கொஞ்சம் வளைத்து, அந்தக் கணு ஒரு பூவின் நடுவாக வரும்படி அமைத்துவிட்டார். இப்போது போய்ப் பாருங்கள், அந்தப் பூவின் மையம் மட்டும் கறுத்து, இறுகி, தனியாகத் தெரியும். தகரத்துக்கு உள்ளே போக உங்களுக்கு அனுமதி இருக்கிறதே.

இனி இயந்திரம். மாதிரிக்காக வெட்டி வாங்கிய பலகையைக் கோயில் அலுவலகத்தில் வைத்திருக்கிறீர்கள். நானும் பார்த்தேன், ஸ்கேல் வைத்தும் அளந்தேன். பிள்ளையார் ஆறு தாளத்தைத் தாண்டுகிறார். அவர் பின்னால் இருக்கும் தோரணத்துக்கும் நம் கோயில் வேலைக்கும் எந்த உறவும் இல்லை. எங்கோ விற்கப்படும் வரைபடக் கோப்பு அது. சரி, கோப்பை மாற்றிக்கொள்ளலாம் என்பீர்கள். மாற்றினாலும் தீராத சங்கதி ஒன்று உண்டு. இந்த வகை இயந்திரத்தில் சுழலும் முனை மேலிருந்து கீழே இறங்கித்தான் மரத்தைச் சீவும். பக்கவாட்டில் நுழைந்து ஒரு விரலின் பின்புறத்தைக் குடைய அதனால் ஆகாது. அதனால் அதில் எல்லாமே பலகையோடு ஒட்டியே இருக்கும். மாதிரிப் பலகையில் பிள்ளையாரின் தும்பிக்கைக்கும் வயிற்றுக்கும் நடுவில் விரலை விட்டுப் பாருங்கள். ஒரு சரிவு தட்டுப்படும், இடைவெளி இருக்காது. உள்மூலைகள் எல்லாம் முனையின் உருண்டைக்கு ஏற்ப மழுங்கியிருக்கும். நார் எந்தப் பக்கம் ஓடுகிறது, கணு எங்கே இருக்கிறது என்பது அதன் கணக்கிலேயே கிடையாது.

இயந்திரமே ஆகாது என்று சொல்லும் ஆள் நான் இல்லை. அடிமரத்தை அறுவை மில்லில்தான் அறுத்து வந்தோம். அதைக் கைரம்பத்தால்தான் அறுக்க வேண்டும் என்று ஸ்தபதியே கேட்கவில்லை. திருவாரூர் ஆழித்தேருக்குத் திருச்சி பெல் நிறுவனம் இரும்புச் சக்கரமும் அச்சும் ஹைட்ராலிக் பிரேக்கும் செய்து கொடுத்த பிறகுதான், அலங்காரத்தோடு 96 அடி உயரமும் சுமார் 300 டன் எடையும் கொண்ட அந்தத் தேரை ஓரளவு பயமில்லாமல் இழுக்க முடிகிறது. சக்கரத்துக்கு இரும்பு வந்தது உயிரைக் காக்க. அதை யார் மறுப்பார்கள்? சிற்பத்துக்கு இயந்திரம் வருவது எதைக் காக்க? உங்கள் அறிவிப்பைப் படித்தால், ஒரு தேதியைக் காக்க என்றுதான் தெரிகிறது. வெள்ளோட்டத்தைத் தொடங்கி வைக்கப் பெரியவர் ஒருவரின் தேதி கிடைத்துவிட்டது என்று ஊரில் பேசிக்கொள்கிறார்கள். அது உண்மையா இல்லையா என்பதை நீங்கள்தான் சொல்ல வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நூறாண்டு காலம் தேரோட்டமே இல்லாமல் இருந்து, 2015இல்தான் புதுத்தேர் ஓடியது. ஒரு தேர் ஒரு தலைமுறைக்கு மட்டும் செய்வது இல்லை. நம் பழைய தேரை யார் செய்தார்கள் என்று சொல்ல ஊரில் ஒருவரும் இல்லை. ஆனால் அவர்கள் செதுக்கிய பலகையைப் பக்கத்தில் சாத்தி வைத்துக்கொண்டு, அதில் என்ன தப்பு, எது சரி என்று இன்றைக்கு ஒரு ஸ்தபதியால் படிக்க முடிகிறது. நாம் வைக்கப்போகும் இயந்திரப் பலகையில் அடுத்த தேர் செய்பவர் எதைப் படிப்பார்?

அதைவிட எனக்கு வயிற்றெரிச்சலைத் தருவது வேறு. ஸ்தபதியிடம் இரண்டு பையன்கள் வேலை கற்கிறார்கள். ஒருவன் அவர் தங்கை மகன், இன்னொருவன் என்னிடம் எட்டாம் வகுப்பில் படித்தவன். கீழே, தேரின் அடித்தட்டான பூதப்பாரில் கருக்கு வேலையும் பூவேலையும் அவர்கள் கையில்தான் நடந்தது. முதலில் செய்ததையும் கடைசியில் செய்ததையும் வைத்துப் பார்த்தால் இரண்டும் ஒரே ஆள் வேலை என்று நம்ப மாட்டீர்கள். மேலடுக்கில்தான் அவர்களை முகம் செய்ய விடுவதாக இருந்தார். முகம் செய்வது வீட்டில் உட்கார்ந்து சிறு பொம்மையில் பழகும் காரியம் இல்லையாம். இந்த அளவில், இந்த உயரத்துக்கு என்று செய்தால்தான் வரும் என்கிறார். புதுத்தேர் வேலை ஓர் ஊருக்கு எப்போதாவதுதான் வருகிறது. மீதிப் பலகைகளை இயந்திரத்துக்குக் கொடுத்தால், அந்தப் பையன்கள் முகம் செய்யத் தெரியாதவர்களாகவே வெளியே போவார்கள். அரும்பாவூர் மரச்சிற்பத்துக்கு 2020இல் புவிசார் குறியீடு கிடைத்தது, கள்ளக்குறிச்சி மரச்சிற்பத்துக்கு 2021இல் கிடைத்தது. கைவேலைக்காகக் கிடைத்த பெருமை அது. செய்திவந்த அன்று நம் கோயில் வாசலிலும் வாழ்த்துத் தட்டி கட்டினோம். கையில் இருக்கும் வேலையைப் பிடுங்கிவிட்டுப் பெருமையை மட்டும் வைத்துக்கொள்வது என்ன நியாயம்?

எனாமலைப் பற்றி நிறையச் சொல்ல வேண்டியதில்லை. அது கெட்டியான வண்ணம். நகவுளி இழுத்த மெல்லிய கோடுகளுக்குள் புகுந்து நிரப்பிவிடும். கண்ணிமை, மாலையின் முத்து, விரல் ரேகை எல்லாம் இரண்டு பூச்சில் மூழ்கிப்போகும். உள்ளே ஈரம் தங்கினால் வெளியேற வழியில்லாமல் மரம் அடியிலேயே இற்றுப்போகும். வெடித்துச் செதிலாக உரியும்போது, அதன்மேல் இன்னொரு பூச்சு. பக்கத்து ஊர்த் தேர்களில் என்ன ஆனது என்று நீங்களே பார்த்திருக்கிறீர்கள். சிங்கமா யாளியா என்று அடையாளம் தெரியாத அளவுக்கு மொழுக்கென்று நிற்கின்றன. மரத்துக்கு எண்ணெய் போதும். வருடம் ஒருமுறை தூசி தட்டி எண்ணெய் பூசுவது சிரமமான வேலை என்பது தெரியும். இலுப்பை மரம் நிறம் ஏறி ஏறிக் கறுக்கும் அழகுக்கு அந்தச் சிரமம் தகும்.

பழைய பலகைகளின் கதைக்கு வருகிறேன். பழைய தேரைப் பிரித்தபோது இறக்கியவை வசந்த மண்டபத்து மூலையில் தார்ப்பாய் போர்த்திக் கிடக்கின்றன. மழைச்சாரல் அடிக்கும் மூலை அது. துப்பாக்கி ஏந்திய தொப்பிக்காரன், குறவன் குறத்தி, பிரசவ வலியில் இருவர் தோளைப் பிடித்து நிற்கும் பெண் என்று, கோயிலின் கல்லில் இல்லாத நம் ஊர் வாழ்க்கை அந்த மரத்தில் இருந்தது. எத்தனை பலகை இறக்கினீர்கள், இப்போது எத்தனை இருக்கின்றன என்ற பட்டியல் உண்டா என்று கேட்டேன். பதில் இல்லை. தொப்பிக்காரனை நான் சமீபத்தில் பார்க்கவில்லை. ஆண் பெண் இணைந்திருக்கும் மிதுனச் சிற்பங்கள் இருந்த பலகைகள்தான் முதலில் காணாமல் போயின என்று தேரடியில் சிரிக்கிறார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. தென்னிந்தியத் தேர்ப் பலகைகளை வெளிநாட்டு அருங்காட்சியகங்கள் கண்ணாடிக்குள் வைத்துக் காட்டுகின்றன. அவையும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு மண்டபத்து மூலையில் பட்டியல் இல்லாமல் கிடந்தவையாகத்தான் இருக்க வேண்டும். புராதனக் கோயில்களையும் சிலைகளையும் காப்பதற்காகச் சென்னை உயர் நீதிமன்றம் 2021 ஜூனில் 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. கல்லுக்கும் செம்புக்கும் இருக்கும் அந்தக் கவலை மரத்துக்கும் வேண்டாமா?

கடைசியாக, தகரம். சீவல் தெறிக்கும், குழந்தைகள் உளியைத் தொட்டுவிடும், பலகை களவு போகும் என்று காரணம் சொன்னீர்கள். எல்லாம் நியாயமான பயம்தான். அதற்கு ஒரு கயிறும் ஒரு காவலாளியும் போதும். ஊர்ப் பணத்தில், ஊர்த் தேர், ஊர் நடுவில் தயாராகிறது. என் வகுப்பில் எதிலும் கவனம் நிற்காத பிள்ளை ஒருத்தி, கொட்டகையில் மட்டும் அசையாமல் உட்கார்ந்து ஒரு யாளியின் பிடரியைச் சுருள் சுருளாக நோட்டில் வரைந்தாள். தகரம் அடித்த பிறகு அவள் அந்தப் பக்கம் போவதில்லை. முடிந்த தேரை எல்லோரும் பார்க்கப் போகிறார்கள். செய்யும்போது பார்க்கும் வாய்ப்பு இந்தப் பிள்ளைகளின் ஆயுளில் இன்னொரு முறை வருமா?

எனவே நான் கேட்பவை இவை. மேலடுக்கின் மீதிப் பலகைகளை இயந்திரத்தில் வெட்டி வாங்கும் தீர்மானத்தை அடுத்த கூட்டத்திலேயே ரத்து செய்யுங்கள். ஒரு பலகைக்கு மூன்று வாரம் ஆகும் என்று ஸ்தபதி முன்பே எழுதிக் கொடுத்திருக்கிறார். அந்தக் கணக்குப்படி அவருக்குக் காலம் கொடுங்கள், கூலியையும் பாக்கி வைக்காமல் கொடுங்கள். வெள்ளோட்டத்தைத் தையிலேயே நடத்தியாக வேண்டுமென்றால் நடத்துங்கள். முடியாத இடங்களில் இழைத்த வெறும் பலகையைப் பொருத்தி ஓட்டலாம். சிற்பப் பலகைகள் காடியில் செருகுபவைதான் என்பதால் முடிய முடிய மாற்றிக்கொள்ளலாம். இப்படிச் செய்ய முடியுமா என்று ஸ்தபதியிடமே கேட்டேன், முடியும் என்றார். வெறும் பலகையோடு ஓடும் தேரில் சுவாமி எழுந்தருள மாட்டார் என்று யாரும் சொல்லப்போவதில்லை.

எனாமல் வேண்டாம். வாங்கி வைத்திருக்கும் டின்களைத் திருப்பிக் கொடுத்துவிடுங்கள். எண்ணெய்ப் பூச்சு எது, எப்போது என்பதை ஸ்தபதியே முடிவு செய்யட்டும். பழைய பலகைகள் ஒவ்வொன்றையும் படம் எடுத்து, அளந்து, எண் போட்டு, அந்தப் பட்டியலை அலுவலகப் பலகையில் ஒட்டுங்கள். ஈரமும் கரையானும் அண்டாத அறைக்கு அவற்றை மாற்றுங்கள். படம் எடுக்கவும் அளக்கவும் என் மாணவர்களோடு நானே வருகிறேன், சம்பளம் வேண்டாம். கொட்டகையின் கிழக்குப் பக்கத் தகரத்தை மட்டும் எடுத்துவிட்டு, மாலையில் ஒரு மணி நேரமாவது கயிற்றுக்கு வெளியே நின்று பார்க்க விடுங்கள்.

தேரில் உபயதாரர் பெயர்களைப் பொறிக்க இடம் ஒதுக்கியிருப்பதாக அறிந்தேன். அதே அளவு எழுத்தில் ஸ்தபதியின் பெயரையும் அந்த இரண்டு பையன்களின் பெயரையும் பொறியுங்கள். அதற்கு மட்டும் இயந்திரத்தைக் கூப்பிட வேண்டாம், அவர்கள் கையிலேயே உளி இருக்கிறது.

இந்தக் கோரிக்கைகளில் எதை ஏற்கிறீர்கள், எதை மறுக்கிறீர்கள், ஏன் என்பதை எழுத்தில் தாருங்கள். பதினைந்து நாளில் பதில் வராவிட்டால், இதே மடலை ஊரார் கையெழுத்தோடு உங்கள் மேலதிகாரிகளுக்கு அனுப்புவோம்.

இப்படிக்கு,
தேரடித் தெருவில் குடியிருக்கும் ஓவிய ஆசிரியை